அவரவர் அளவு

ஜூன் 4, புதன்

என் குருவிக்கு,

இந்த எடைக் குறைப்பு ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து சேர்ந்து இன்று மூன்றாவது நாள். கையெழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். கடைசியாக உனக்குக் கடிதம் எழுதியது நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில். அப்போதும் இப்படித்தான் இருந்தது என்று நீ சொல்லுவாய், எனக்குத் தெரியும்.

செல்போனை வாசலிலேயே வாங்கிப் பையில் போட்டு சீல் வைத்துவிட்டார்கள். போன தடவை வந்த ஆட்கள் போனில் கடைக்குச் சொல்லி, ஜன்னலிலிருந்து கயிறு விட்டுப் பொரித்த கோழியை மேலே இழுத்தார்களாம். ஆராய்ச்சி மொத்தமும் குட்டிச்சுவர். அதனால் இந்தத் தடவை போன் இல்லை, பார்க்க யாரும் வரக்கூடாது, ஜன்னலைத் திருகாணி போட்டு மூடிவிட்டார்கள். காகிதம் மட்டும் போகலாம், வரலாம். காகிதத்தைத் தின்ன மாட்டோம் என்று ஒரு நம்பிக்கை.

அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. கட்டில், மேசை, நாற்காலி, மிதித்தால் நகராத ஒரு சைக்கிள். இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டினவனை நகராத வண்டியில் ஏற்றி, "ஓட்டுங்க சார்" என்கிறார்கள். கண்ணாடிக்கு வெளியே கீழே சிக்னல் தெரிகிறது. நம் டெப்போ வண்டி பிரேக் போட்டால் சத்தத்திலேயே எது என்று சொல்லிவிடுவேன்.

சாப்பாட்டை நிறுப்பவருக்குத் தராசு மேடம் என்று பெயர் வைத்திருக்கிறேன். முட்டையை உரித்து நிறுக்கிறார். உப்பை நிறுக்கிறார். நான் சாப்பிட்டு முடித்ததும் தட்டைத் திரும்ப நிறுக்கிறார். டெப்போ டாக்டர் எல்லா டிரைவருக்கும் ஒரே தாளை நீட்டினாரே, நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு கலோரி என்று, அதைச் சொன்னேன். அதை நம்பிப் பட்டினி கிடந்துதானே கண் இருண்டு பஸ்ஸைக் கம்பத்தில் இடித்தேன். மேடம் சிரிக்கவில்லை. "அந்த நம்பர் யாரோட உடம்புக்குன்னு கேட்டீங்களா?" என்றார்.

எட்டு வாரம். ஜூலை இருபத்தெட்டாம் தேதி காலை கையில் தகுதிச் சான்றிதழோடு வெளியே வருவேன். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி ரூட் ஒதுக்கீட்டுக்குள் டெப்போவில் நின்றுவிட்டால் என் பதினேழாம் நம்பர் ரூட் எனக்கே.

பாப்பா படிக்கிறாளா? சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறதா? நீ இல்லாமல் சாப்பிட உட்கார்ந்தால் என்னவோ போல் இருக்கிறது. பரிமாற ஆள் இல்லை, தட்டு சுவரில் இருக்கும் ஒரு கதவு வழியாக வருகிறது.

உன்
தொப்பைக்காரன்

--

ஜூன் 8, ஞாயிறு

என்னங்க,

கடிதம் கிடைத்தது. பாப்பாதான் முதலில் படித்தாள். கோழி கதையை மூன்று தடவை படித்துச் சிரித்தாள். பத்தாம் வகுப்பு, இன்னும் பாப்பா என்று கூப்பிடாதீர்கள் என்று எழுதச் சொல்கிறாள்.

குழாய் சொட்டுகிறது. கீழே வாளி வைத்திருக்கிறேன்.

சலவை நிலையத்தில் வேலை அதிகம். புதிதாக இரண்டு ஆஸ்பத்திரியின் துணி எங்களுக்கு வருகிறது. போர்வை, தலையணை உறை, மறுபடி போர்வை. நானும் என் ஜோடிக்காரியும் உருளை இஸ்திரி மெஷினில் ஒரு ஷிப்டுக்கு அறுநூறு போர்வை விடுகிறோம். அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. இந்த மாதம் அந்தக் கொட்டகையில் நிற்க முடியாத சூடு. வெளிக்கதவைத் திறந்தால் தூசி வரும் என்று மேஸ்திரி பூட்டுப் போட்டுவிட்டார்.

நீங்கள் இல்லாததால் சமையல் வேலை குறைந்துவிட்டது. பாப்பாவுக்கு மட்டும் கொஞ்சமாகச் செய்கிறேன். நான் நன்றாக இருக்கிறேன், நன்றாகச் சாப்பிடுகிறேன். நீங்கள் தட்டில் மிச்சம் வைக்காமல் அவர்கள் சொல்வதைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள். ஸ்வெட்டரைப் பையின் அடியில் வைத்திருக்கிறேன், ஏசி ஒத்துக்கொள்ளாவிட்டால் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
குருவி

--

ஜூன் 13, வெள்ளி

என் குருவிக்கு,

இந்த வாரம் என்னை மூச்சு அறையில் போட்டார்கள். அது இந்த அறையைவிடச் சின்னது. கதவைச் சுற்றி ரப்பர், அடைத்தால் காது அடைக்கும். உள்ளே போகிற காற்று எவ்வளவு, நான் விடுகிற காற்று எப்படி என்று ஒரு மெஷின் கணக்குப் பார்க்கிறது. என் உடம்பு ஒரு நாளைக்கு எவ்வளவு எரிக்கிறது என்று அதிலிருந்து தெரியுமாம். இரண்டு பகல் இரண்டு ராத்திரி. கூரையில் நாற்பத்தெட்டுச் சதுரம். எனக்குப் பெரிய சந்தேகம், நாற்பத்தேழுதானோ என்று. திரும்ப எண்ணினேன். அப்படித்தான் பொழுது போயிற்று. ஒரு கட்டத்தில் கதவைத் தட்டிவிட்டேன். மைக்கில் மேடம், "வெளியே வரணும்னா வரலாம், எப்பவும் வரலாம். ஆனா வந்தா திரும்ப உள்ளே கிடையாது, சர்டிபிகேட்டும் கிடையாது" என்றார். திரும்பப் போய் எண்ண ஆரம்பித்தேன்.

ஆனால் விஷயம் தெரிந்துவிட்டது. என் உடம்பு இருக்கிறபடி இருக்க இரண்டாயிரத்து ஐந்நூற்றைம்பது வேண்டுமாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய இரண்டாயிரத்து நூற்றைம்பது போதும். நான் ஆயிரத்து ஐந்நூற்றில் கிடந்து செத்தேனே! அடுத்த அறையில் ஒரு எலக்ட்ரீஷியன், என் உயரம், என் எடை, என் வயசு. அவருக்கு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். "ஒரே மாதிரி ரெண்டு பஸ்ஸுக்கு டீசல் ஒரே அளவா பிடிக்குது?" என்று மேடம் கேட்டார்.

அப்புறம் வீட்டில் யார் என்ன சாப்பிடுவார்கள் என்று ஒரு படிவம். பாப்பாவைப் பற்றிக் கடகடவென்று சொன்னேன். "ஒய்ஃப் காலையில என்ன சாப்பிடுவாங்க?" என்றார். "அவ குருவி மாதிரி கொறிப்பா மேடம்" என்றேன். "சரி, என்ன கொறிப்பாங்க?" என்றார். எனக்குச் சொல்ல வரவில்லை. மதியம்? தெரியவில்லை. ராத்திரி? நான் சாப்பிட்டபின் நீ சாப்பிடுவாய், அவ்வளவு தெரியும். மேடம் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு ஒரு கோடு இழுத்தார். பரீட்சையில் முட்டை வாங்கின மாதிரி ஆகிவிட்டது.

எழுதேன், நீ காலையில் என்ன சாப்பிடுவாய்?

உன்
தொப்பைக்காரன்

--

ஜூன் 17, செவ்வாய்

என்னங்க,

குழாய்க்காரர் வந்து வாஷர் மாற்றிவிட்டுப் போனார். இப்போது சொட்டவில்லை.

பாப்பாவுக்குக் கணக்கில் எழுபத்தெட்டு. அறிவியலில் தொண்ணூற்றொன்று.

நீங்கள் கேட்டதற்கு என்ன எழுதுவது? பத்தொன்பது வருஷம் ஆகிறது. இருக்கிறதைச் சாப்பிடுகிறேன். அந்த அம்மாவிடம் எல்லாரும் சாப்பிடுவதைத்தான் சாப்பிடுகிறாள் என்று சொல்லிவிடுங்கள்.

வேறு விசேஷம் இல்லை.

குருவி

--

ஜூன் 20, வெள்ளி

என் குருவிக்கு,

இவ்வளவு சின்னக் கடிதத்துக்கு இவ்வளவு பெரிய உறையா? கோபமா? நான் என்ன தப்பாகக் கேட்டுவிட்டேன்?

நீ சொன்னதை அப்படியே மேடத்திடம் சொன்னேன். "அது பதில் இல்ல" என்றார். ஒரு வாரம் வாயில் போட்டதையெல்லாம் எழுதி அனுப்பச் சொன்னார், உனக்கும் கணக்குப் போட்டுத் தருவாராம். இதெல்லாம் வெளியில் வரிசையில் நின்றாலும் கிடைக்காது, இங்கே சும்மா கிடைக்கிறது. விடாதே.

இங்கே ஒரு கஷ்டத்தைச் சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. நான் சாப்பிடும்போது உள்சுவரில் இருக்கிற கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் உட்கார்ந்து குறித்துக்கொண்டே இருக்கிறாள். எப்போது ஆரம்பித்தேன், எதை முதலில் எடுத்தேன், எத்தனை நிமிஷம் மென்றேன். நல்ல பெண்தான், வணக்கம் சொல்லுவாள். ஆனாலும் அவள் பார்க்கப் பார்க்க எனக்குத் தொண்டையில் இறங்க மறுக்கிறது. நான், சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறேன், நம்புவாயா!

பதில் போடு.

உன்
தொப்பைக்காரன்

--

ஜூன் 29, ஞாயிறு

என்னங்க,

முதலில் பயப்படாதீர்கள். கை நன்றாக இருக்கிறது. மணிக்கட்டில் ஒரு விரல் நீளத்துக்குத்தான் சுட்டிருக்கிறது. மருந்து போட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை மூன்று மணி இருக்கும். போர்வையை உருளைக்குள் விட்டுக்கொண்டிருந்தேன். கண்ணுக்குள் வெள்ளையாக வந்தது. போர்வைதான் அப்படித் தெரிகிறது என்று நினைத்தேன். விழித்தால் தரையில் கிடக்கிறேன். ஜோடிக்காரி சிவப்புப் பொத்தானை அடித்து மெஷினை நிறுத்தியிருக்கிறாள். அவள் ஒரு நொடி பிந்தியிருந்தால் கை உள்ளே போயிருக்கும் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். மேஸ்திரி பூட்டைத் திறந்து காற்று விட்டார். ஜோடிக்காரி என்னை மடியில் போட்டுக்கொண்டு கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "காலையில என்னடி சாப்பிட்ட?"

உங்களுக்குச் சொல்லாததை அவளுக்கும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து எழுதி வைத்தேன். பாப்பாவின் கணக்கு நோட்டின் பின் பக்கத்தில். இதோ, மாற்றாமல் எழுதுகிறேன்.

செவ்வாய். காலை டீ, சர்க்கரை போட்டு. பாப்பா வைத்துவிட்டுப் போன ரொட்டியின் ஓரங்கள். மதியம் டப்பாவில் ஐந்து ஸ்பூன் சோறு, ரசம் மாதிரி நீர்த்த பருப்பு. சாயங்காலம் டீ. ராத்திரி பாத்திரத்தில் ஒட்டியிருந்த சோறு, தண்ணீர் விட்டு.

புதன். டீ. பிஸ்கட் இரண்டு. மதியம் அதே டப்பா. முட்டை செய்தேன், பாப்பாவுக்கு வைத்துவிட்டேன். ராத்திரி ரொட்டி ஒன்று.

வியாழன். டீ. மதியம் ஜோடிக்காரி தன் டப்பாவிலிருந்து உருளைக்கிழங்கு போட்டாள், சாப்பிட்டேன். ராத்திரி வாழைப்பழம்.

மற்ற நாளும் இதேதான், முன்னே பின்னே. ஞாயிறு, அதாவது இன்று, நன்றாகச் சாப்பிடலாம் என்று எல்லாம் செய்தேன். இரண்டு வாய்க்கு மேல் போகவில்லை.

உங்களுக்குச் சமைத்ததில் மீந்ததுதான் இத்தனை நாளும் என் சாப்பாடு. நீங்கள் இல்லை, மீதியும் இல்லை. இதை எழுதிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

துணி மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றேன். நாற்பத்து மூன்று கிலோ. போர்வை மூட்டை ஐம்பது வரும்.

மேடத்திடம் காட்டுவதானால் காட்டுங்கள்.

குருவி

--

ஜூலை 2, புதன்

குருவி,

கடிதத்தைப் படித்துவிட்டு மேடம் அறைக்கு ஓடினேன், செருப்புக்கூடப் போடாமல். அவர் ஒவ்வொரு வரியாகப் பார்த்துக் கூட்டினார். ஒரு நாளைக்கு ஆயிரத்து நூறு வருகிறதாம், சில நாள் அதுவும் இல்லையாம். "நின்னுக்கிட்டே எட்டு மணி நேரம் சூட்டுல வேலை பார்க்கிற உடம்புக்கு இது எப்படிப் போதும்?" என்று என்னைக் கேட்கிறார். என்னைக் கேட்டால்?

இனி நான் சொல்வதைக் கேள். அட்டவணைப்படி உனக்கு இரண்டாயிரத்து இருநூறு. காலை ஆறரைக்கு இரண்டு முட்டை, மூன்று ரொட்டி, ஒரு டம்ளர் பால். பத்து மணிக்குப் பழம், வேர்க்கடலை ஒரு கைப்பிடி. மதியம் இரண்டு கிண்ணம் சோறு, ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பு, காய். நாலு மணிக்கு ஏதாவது. ராத்திரி மதியம் மாதிரியே. முழுத் தாளும் இதோடு வைத்திருக்கிறேன், சுவரில் ஒட்டு. பாப்பா தினமும் டிக் அடித்து வாரம் ஒரு தடவை எனக்கு அனுப்பட்டும். ஒரு வேளை விட்டாலும் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

நான் இங்கே இந்த டப்பாவுக்குள் உட்கார்ந்துகொண்டு என்ன செய்ய? வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அதே பதில், போகலாம், சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் டெப்போவில் வண்டி கழுவ வேண்டியதுதான். பித்துப் பிடிக்கிறது. சைக்கிளை மிதிமிதி என்று மிதித்தேன், மானிட்டர் கத்தி நர்ஸ் ஓடிவந்தார்.

சொன்னபடி சாப்பிடு.

--

ஜூலை 9, புதன்

என்னங்க,

தாளைச் சுவரில் ஒட்டவில்லை. மடித்து உங்கள் சட்டைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பாப்பா டிக் அடிக்க மாட்டாள். நான்தான் வேண்டாம் என்றேன்.

டெப்போ டாக்டர் கொடுத்த தாளை யாருடைய உடம்புக்கு என்று கேட்காமல் பின்பற்றினீர்கள். இப்போது நீங்களே எனக்கு ஒரு தாள் அனுப்புகிறீர்கள். அக்கறையில்தான் அனுப்புகிறீர்கள், எனக்குப் புரிகிறது. அதனால்தான் இதை எழுத எனக்கு நான்கு நாள் ஆயிற்று.

நமக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. உங்கள் டெப்போ நண்பர்கள் ஐந்து பேர் சாப்பிட வந்தார்கள். எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் நான் சமையலறை வாசலில் உட்கார்ந்தேன். காலையிலிருந்து அடுப்படியில் நின்றதில் நல்ல பசி. முதலில் போட்டது போன இடம் தெரியவில்லை. இரண்டாவது கரண்டி எடுத்தேன். நீங்கள் உள்ளேயிருந்து சத்தமாக, "என் பொண்டாட்டி சாப்பிடறதைப் பாருங்கடா, குருவி மாதிரி ரெண்டு பருக்கை கொத்திட்டு எழுந்துடுவா" என்றீர்கள். ஐந்து பேரும் திரும்பி என் தட்டைப் பார்த்தார்கள். சிரித்தார்கள். என் கையில் கரண்டி இருந்தது. நான் அந்தச் சோற்றைத் திரும்பப் பானையில் போட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு அந்தப் பெயர். நீங்கள் யாரிடம் சொன்னாலும் பெருமையாகத்தான் சொன்னீர்கள். உங்கள் அக்காவிடம், பக்கத்து வீட்டில், ஆஸ்பத்திரியில் பாப்பா பிறந்தபோது அந்த நர்ஸிடம். வயிற்றில் பிள்ளையோடு பசி தாங்காமல் துணி அலமாரியில் ரொட்டி ஒளித்து வைத்துத் தின்றேன். கடிக்கிற சத்தம் கேட்கக் கூடாது என்று ஊறவைத்து விழுங்கினேன். நீங்கள் வண்டிக்குப் போனபின் நன்றாகச் சாப்பிடலாமே என்று கேட்பீர்கள். நானும் நினைத்ததுண்டு. கொஞ்ச வருஷத்தில் உடம்பே கேட்பதை விட்டுவிட்டது. தனியாக உட்கார்ந்தாலும் எனக்குப் பின்னால் ஐந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

நீங்கள் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். செல்லமாகச் சொன்னதற்கு எப்படித் திருப்பிச் சொல்வது?

எனக்கு எவ்வளவு வேண்டும் என்று நானே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வாரத்துக்கு ஒரு படி கூட்டுகிறேன். பாப்பா கூட்டிப் பார்த்துச் சொல்கிறாள், அறிவியலில் தொண்ணூற்றொன்று வாங்கினவளாயிற்றே. கலோரிக் கணக்கை மட்டும் எனக்கு அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா

--

ஜூலை 13, ஞாயிறு

மேலே என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பத்தொன்பது வருஷமாக வேறு பெயரில் கூப்பிட்டதில்லை. அதனால் இடம் விட்டிருக்கிறேன்.

பொய் சொல்லக் கூடாது. எனக்கு அந்த நாள் ஞாபகமே இல்லை. அந்த ஐந்து பேர் வந்தது ஞாபகம் இருக்கிறது. சாப்பாடு பிரமாதம் என்று டெப்போவில் ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதுவும் ஞாபகம் இருக்கிறது. நான் சொன்னது மட்டும் இல்லை. உனக்குப் போனது ஒரு கரண்டிச் சோறு, எனக்கு அது வெறும் வாய்ப்பேச்சு. எனக்கு அதில் எதுவும் போகவில்லை, அதனால் மறந்துவிட்டேன் போல.

மன்னிப்புக் கேட்டு நாலு தாள் எழுதினேன். படித்துப் பார்த்தால் எல்லாம் என்னைப் பற்றியே இருந்தது. கிழித்துவிட்டேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெண்ணைப் பற்றி எழுதினேனே. இத்தனை வாரத்தில் அவள் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. ஆனாலும் அவள் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டதும் கையில் எடுத்ததைத் திரும்பத் தட்டில் வைத்துவிடுகிறேன். எனக்கு எட்டு வாரம். அதற்கே இப்படி.

அந்த அட்டவணையை மேடத்திடம் காட்டாமல் நானே புத்தகத்திலிருந்து எடுத்து எழுதினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அவருக்குத் தெரிந்து செம டோஸ். "அட்டவணைல இருக்கிறது ஆரம்பிக்கிற இடம். அதுக்கப்புறம் அவங்க உடம்புதான் சொல்லணும், நீங்க இல்ல" என்றார். நீ ஒரு வாரத்துக்கு ஒரு படி கூட்டுவதைச் சொன்னேன். "அவங்களை இங்க வேலைக்கு அனுப்புங்க" என்றார்.

என் எடை இப்போது தொண்ணூற்றொன்பதரை கிலோ. முகம் ஒடுங்கிவிட்டது. இன்னும் பதினைந்தே நாள். மேற்கொண்டு நாலு வாரம் இருக்க ஆள் தேடுகிறார்கள், எடை நிற்கிறதா என்று பார்க்க. எலக்ட்ரீஷியன் சரி என்றுவிட்டார். என்னைக் கேட்டார்கள், கையெடுத்துக் கும்பிட்டேன். இந்தக் கூரையை இன்னும் ஒரு நாள் பார்த்தால் நான் நானாக இருக்க மாட்டேன். இருபத்தெட்டாம் தேதி காலை எட்டு மணிக்குக் கதவு திறக்கும், ஒன்பதுக்கு வீட்டில் இருப்பேன்.

வந்து நான் சமைக்கிறேன். நீ உட்கார்.

--

ஜூலை 21, திங்கள்

என்னங்க,

இன்று தராசில் நாற்பத்து நாலரை. ஜோடிக்காரி கைதட்டினாள்.

நான் பார்த்ததை எழுதுகிறேன், மேடத்துக்குச் சொல்லுங்கள். முதல் வாரம் ஆயிரத்து ஐந்நூறு. மூன்று மணிக்கு மயக்கம் வந்தது, ஆனால் விழவில்லை. இரண்டாவது வாரம் ஆயிரத்து எண்ணூறு. மயக்கம் நின்றது, நான்கு மணிக்குக் கை நடுங்கியது. மூன்றாவது வாரம் உங்கள் இரண்டாயிரத்து இருநூறையும் பார்த்துவிடலாம் என்று பார்த்தேன். வயிறு கல் மாதிரி ஆகித் தூக்கம் வரவில்லை. இரண்டாயிரத்துக்கு இறக்கினேன். நான்கு நாளாகிறது. கை நிற்கிறது. நானூறாவது போர்வையிலும் ஜோடிக்காரியோடு பேச முடிகிறது. நேற்று மத்தியானம் எனக்குப் பசித்தது. தலைவலியில்லை, மயக்கமில்லை, பசி. எத்தனையோ வருஷம் கழித்து. இதுதான் அது என்று கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

இப்போது மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். பாப்பா எதிரில் உட்கார்ந்து படிக்கிறாள், என் தட்டைப் பார்ப்பதில்லை. நான் சொல்லவில்லை, அவளே அப்படி இருக்கிறாள். அவளும் இன்னொரு தடவை போட்டுக்கொள்கிறாள். இதற்கு முன்னால் அவள் போட்டுக்கொண்டதில்லை என்பதையும் இப்போதுதான் கவனித்தேன்.

சனிக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். நான் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாசல் பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. பாப்பாதான், டியூஷன் சீக்கிரம் முடிந்து வந்திருந்தாள். அவள் உள்ளே வருவதற்குள் நான் எழுந்து, பாதிச் சோறோடு தட்டைத் தொட்டியில் போட்டு, குழாயைத் திறந்து கழுவிக்கொண்டிருந்தேன். நான் யோசிக்கவேயில்லை. கால் தானாக எழுந்தது. "ஏம்மா கொட்டுறே?" என்று அவள் கேட்டபோதுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. நீங்கள் இங்கே இல்லை, இங்கே வர முடியாது, அது எனக்குத் தெரியும். என் காலுக்குத் தெரியவில்லை.

அதனால் கேட்கிறேன். அந்த நாலு வாரத்துக்குச் சரி என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் மேல் கோபத்தில் கேட்கவில்லை. நீங்கள் வந்து சமைத்து, உட்கார வைத்து, பார்த்துப் பார்த்துப் போடுவீர்கள். அதுதான் பயமாக இருக்கிறது. எனக்கு இந்த அளவு கிடைத்து நான்கே நாள் ஆகிறது. இன்னும் என் கையில் நிற்கவில்லை.

ரூட் போய்விடும் என்று தெரிந்துதான் கேட்கிறேன். அந்த அறை உங்களை என்ன பாடு படுத்துகிறது என்று தெரிந்துதான் கேட்கிறேன். இந்த வீட்டில் நான் உங்களிடம் எதுவும் கேட்டதில்லை. முடியாது என்றால் வாருங்கள். கதவைத் திறப்பேன்.

--

ஜூலை 25, வெள்ளி

அன்புள்ளவளுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. நேற்று என்னால் எழுத முடியவில்லை. இன்று காலை போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

டெப்போ மேனேஜருக்கு ஆபீஸிலிருந்து பேச விட்டார்கள். பதினேழாம் நம்பரை மாற்று டிரைவருக்குக் கொடுக்கப் போகிறார்கள். நல்ல ஓட்டுநர்தான், திருப்பத்தில் மட்டும் கொஞ்சம் அவசரப்படுவார். நான் திரும்பிப் போனால் ஆறு மாதம் வண்டி கழுவும் இடத்தில் மேற்பார்வை. உட்கார்ந்து பார்க்கிற வேலை. அதில் எத்தனை கலோரி எரியும் என்று மேடத்தைக் கேட்டிருக்கிறேன்.

உன் கணக்கைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். "இதை எங்க ஆட்கள் செய்ய மூணு மாசம் ஆகும்" என்றார். இரண்டாயிரம் உன் அளவு என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். நாளைக்கு அது மாறினாலும் உனக்குத்தான் முதலில் தெரியும்.

திங்கட்கிழமை மற்றவர்களுக்குக் கதவு திறக்கும்போது என்னை மூச்சு அறைக்கு மாற்றுகிறார்கள். இந்தத் தடவை தொடர்ந்து ஐந்து நாள். கதவைத் தட்டாமல் இருக்கப் பார்க்கிறேன். படிவத்தை வாங்கிக்கொண்டு மேடம் கேட்டார், "அன்னிக்குக் கும்பிட்டுட்டு ஓடினீங்களே, இப்ப என்ன ஆச்சு?"

"வீட்டுல ஒருத்தங்க சாப்பிட்டுட்டு இருக்காங்க மேடம்" என்றேன். "நான் போய் நின்னா எழுந்துடுவாங்க."

அவர் படிவத்தில் தேதி போட்டார். பேனாவை மூடி வைத்தார்.

ஆகஸ்ட் இருபத்தைந்தாம் தேதி காலை எட்டு மணிக்கு என்னை வெளியே விடுவார்கள். அன்றைக்கு நான் எங்கே போக வேண்டும் என்று அதற்குள் நீ எழுது. எழுதாவிட்டாலும் எனக்குப் புரியும். டெப்போவில் டிரைவர்கள் படுக்கிற அறையில் ஜன்னலோரமாக ஒரு கட்டில் காலியாக இருக்கிறதாம், சொல்லி வைத்திருக்கிறேன்.